பத்துப் பேர் வேலைக்கு மார்க்கு போடுவது எப்படி?

ஒரு ஆள் செய்த வேலையை அளப்பது சுலபம்.

நெசவாளி எத்தனை மீட்டர் நெய்தார்? அளவுகோல் சொல்லிவிடும். பூக்காரி எத்தனை முழம் தொடுத்தாள்? கையே அளந்துவிடும். தக்காளி பறிக்கப் போன பெண் எத்தனை பெட்டி நிரப்பினாள்? எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால், பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒற்றுமையாக உழைக்கிறார்களா? அல்லது இரண்டு பேர் வண்டியை இழுக்க, எட்டுப் பேர் ஏறி உட்கார்ந்திருக்கிறார்களா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குத் தராசு கிடையாது. படிக்கல்லும் கிடையாது.

ஒரு வழி உண்டு. அந்தப் பத்துப் பேரையுமே கேட்டுப் பார்க்கவேண்டும்!

உலகத்தில் இன்று பெரிய பெரிய கம்பெனிகள், ஆஸ்பத்திரிகள், ஆலைகள் எல்லாம் இந்த வேலையைச் செய்கின்றன. கேள்வித்தாள் அச்சடித்து ஊழியர்களிடம் கொடுத்து, "உங்கள் குழு எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்கின்றன. இதற்கென்றே படித்த நிபுணர்கள் இருக்கிறார்கள்.

"இதெல்லாம் சீமைச் சமாசாரம், நமக்கு என்ன?" என்று நினைக்கவேண்டாம். நம் தர்மபுரி மாவட்டத்துப் பெண்களுக்கு இது பழகிப்போன விஷயம்!

1989-ல் தொடங்கியது

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு தாலுகாவில், பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் இடையே இருக்கிறது மாரண்டஹள்ளி. ஒரு பேரூராட்சி. ரயில் நிலையம் உண்டு. சுற்றிலும் தக்காளித் தோட்டங்கள். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் காதில் விழும் எல்லைப் பக்கத்து ஊர்.

இந்த மாவட்டத்தில்தான் 1989-ம் ஆண்டு, தமிழ்நாட்டு அரசின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. ரோமாபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் பண உதவி செய்தது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் திட்டத்தை நடத்தியது. அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004-ல்தான் அது தனி மாவட்டம் ஆயிற்று.

பத்து முதல் இருபது பெண்கள் ஒரு குழுவாகச் சேருவார்கள். சிறு சிறு தொகையாகச் சேமிப்பார்கள். சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள் கடனாகக் கொடுத்துக்கொள்வார்கள். ஊக்குநர் ஒருவர். பிரதிநிதிகள் இருவர். ஒரு பெண் கணக்கு எழுதுவாள். இருவர் வங்கிக்குப் போவார்கள். சில குழுக்களில் சேர்ந்து தொழிலும் செய்வார்கள்.

பார்க்கப்போனால், இதுவும் ஒரு சின்னக் கம்பெனிதான்! மானேஜர் இல்லை, முதலாளி இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

1992-ல் நபார்டு வங்கி, நாட்டில் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது.

சொத்து இல்லாத, நகை இல்லாத பெண்களுக்கு எந்த நம்பிக்கையில் கடன் கொடுப்பது?

குழுவின் ஒற்றுமையை நம்பித்தான் கொடுக்கவேண்டும். அந்த ஒற்றுமையை எப்படி அளப்பது?

அப்படிப் பிறந்ததுதான் குழுக்களைத் தரம் பிரிக்கும் முறை.

மார்க்குப் பட்டியல்

நபார்டு வங்கி வகுத்த பட்டியல் ஒன்று உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று தரம். மிக நன்று, நன்று, திருப்தி இல்லை.

மாதத்துக்கு எத்தனை கூட்டம் நடக்கிறது? நான்கு என்றால் மிக நன்று. இரண்டு என்றால் நன்று. அதற்கும் குறைந்தால் திருப்தி இல்லை.

கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வந்தால் முதல் தரம். எழுபதுக்குக் கீழே போனால் கடைசித் தரம்.

கூட்டம் எந்த நேரத்தில் நடக்கிறது? இது என்ன கேள்வி என்று தோன்றும். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது! மாலை 6 மணிக்கு மேல் நடந்தால் நல்ல மார்க்கு. ஏன் தெரியுமா? கூலி வேலைக்குப் போகிற பெண் அப்போதுதான் வீடு திரும்புவாள். பகல் 11 மணிக்குக் கூட்டம் போட்டால், வேலைக்குப் போகாத வசதியான பெண்கள் மட்டுமே வருவார்கள். கூட்டம் நடக்கும் நேரத்தை வைத்தே, அது யாருக்கான குழு என்று கண்டுபிடித்துவிடலாம்!

குழுவின் விதிகள் எல்லோருக்கும் தெரியுமா, சிலருக்கு மட்டும் தெரியுமா? கூட்டத்தில் எல்லோரும் பேசுகிறார்களா? கடன் தவணை ஒழுங்காகத் திரும்புகிறதா? நோட்டுப் புத்தகங்கள் அன்றன்றைக்கு எழுதப்படுகின்றனவா? இப்படிப் பட்டியல் நீளும்.

பின்னாளில் வந்த தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம், இதையே ஐந்து விதிகளாகச் சுருக்கியது. ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, ஒழுங்கான உள் கடன், ஒழுங்கான திருப்பிச் செலுத்துதல், ஒழுங்கான கணக்கு. இதற்குப் 'பஞ்ச சூத்திரம்' என்று பெயர்.

இந்த மார்க்குக்கு மதிப்பு அதிகம். நல்ல தரம் வாங்கினால் சுழல் நிதி கிடைக்கும். வங்கிக் கடன் கிடைக்கும். கறவை மாடு வாங்கலாம், தையல் மெஷின் வாங்கலாம், பிள்ளைக்குப் பள்ளிச் செலவு பார்க்கலாம்.

மார்க்கு குறைந்தால்? காத்திருக்கவேண்டியதுதான்.

நோட்டு பேசும், வாய் பேசுமா?

மதிப்புள்ள மார்க்கு என்றால், அதை எப்படியாவது வாங்கவேண்டும் என்ற ஆசையும் வரும் அல்லவா?

அதிகாரி வருகிறார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். "எல்லாம் நல்லா நடக்குதா?" என்று கேட்கிறார். "நல்லா நடக்குதுங்க" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். நோட்டுப் புத்தகம் கண்ணாடி போல இருக்கிறது. மார்க்கு விழுகிறது.

ஆனால் ஒரு மூலையில் ஒரு பெண் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். அவள் பேரில் வாங்கிய கடனை வேறொருத்தி எடுத்துக்கொண்டிருக்கலாம். அல்லது, தவணை கட்ட முடியாமல் கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கலாம். "சொன்னால் அக்கா கோவிச்சுக்கும்" என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

நோட்டில் இதற்குப் பத்தி இல்லை!

குழுக்களை அளக்கும் கலையில் உள்ள மிகப் பெரிய சிக்கல் இதுதான். இது தர்மபுரிச் சிக்கல் மட்டும் அல்ல. அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்பே தலையைப் பிய்த்துக்கொண்ட சிக்கல்!

21 ஆயிரம் பேரிடம் பேட்டி

சிகாகோ நகரை அடுத்து ஹாதார்ன் என்ற இடத்தில், டெலிபோன் கருவிகள் செய்யும் பெரிய தொழிற்சாலை இருந்தது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனிக்குச் சொந்தமானது. அங்கே 1924 முதல் 1932 வரை பல ஆராய்ச்சிகள் நடந்தன.

அதில் ஒன்று, தொழிலாளர்களிடம் பேட்டி காண்பது. 1928 முதல் 1930 வரை, சுமார் 21 ஆயிரம் பேரைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டார்கள்.

முதலில் பட்டியல் போட்டுக் கேள்வி கேட்டார்கள். வெளிச்சம் போதுமா? மேஸ்திரி எப்படி? சம்பளம் சரியா?

தொழிலாளிகள் பதில் சொன்னார்கள். ஆனால் கேட்ட கேள்விக்கு அல்ல! தங்கள் மனதில் எது உறுத்திக்கொண்டிருந்ததோ, அதைப் பேசினார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் யோசித்தார்கள். பட்டியலைத் தூரப் போட்டுவிட்டு, "நீங்களே பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம்" என்றார்கள். அரை மணி நேரத்தில் முடிந்த பேட்டி, ஒன்றரை மணி நேரம் வரை நீண்டது.

அடுத்து இன்னொரு சோதனை. 1931-ல், டெலிபோன் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் 14 ஆண்களை ஒரு தனி அறையில் வைத்து, அவர்கள் வேலை செய்வதைக் கவனித்தார்கள்.

குழு அதிகமாகச் செய்தால் அதிகக் கூலி என்பது ஏற்பாடு. ஆகையால் போட்டி போட்டுக்கொண்டு உழைப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு!

"ஒரு நாளைக்கு இவ்வளவுதான் செய்யவேண்டும்" என்று அவர்களே தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் வேகமாகச் செய்கிறவனைக் கேலி செய்தார்கள். சில சமயம் தோளுக்குக் கீழே ஒரு குத்தும் விட்டார்கள்! ஒரு நாள் கூடுதலாகச் செய்ததை, இன்னொரு நாள் கணக்கில் சேர்த்துச் சமமாகக் காட்டினார்கள்.

ரிஜிஸ்தரைப் பார்த்தால் தினமும் ஒரே சீரான வேலை. அறைக்குள் நடந்ததோ வேறு கதை.

ஏடு சொல்வதை மட்டும் நம்பினால், குழுவைத் தெரிந்துகொள்ள முடியாது என்று அன்றே புரிந்துவிட்டது.

ஐந்து படிகள்

சரி, மனதில் இருப்பதைக் கேட்டாயிற்று. ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகப் பேசினால், அதைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பது எப்படி?

அதற்கு வழி சொன்னவர் ரென்சிஸ் லைக்கர்ட். அமெரிக்க மனோதத்துவ நிபுணர். 1932-ல் அவர் ஒரு முறையை வெளியிட்டார்.

கேள்வி கேட்காதே, ஒரு வாக்கியத்தைச் சொல். "எங்கள் குழுவில் வேலை சமமாகப் பங்கிடப்படுகிறது" என்பது போல. அதைக் கேட்டவர் ஐந்து படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்கிறேன். இரண்டும் இல்லை. மறுக்கிறேன். முழுக்க மறுக்கிறேன்.

ஐந்து படிக்கும் ஐந்து எண். எண் வந்துவிட்டால் கணக்குப் போடலாம் அல்லவா?

இன்று பஸ்ஸில் போகும்போது செல்போனில் "எங்கள் சேவை எப்படி?" என்று ஐந்து நட்சத்திரம் கேட்கிறார்களே, அதற்கும் இந்த முறைக்கும் தூரம் அதிகம் இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம்தான் இருக்கவேண்டும். "எங்கள் தலைவி நேர்மையானவர், எல்லோரையும் பேசவிடுகிறவர்" என்று எழுதினால் வம்பு. நேர்மையானவர்தான், ஆனால் பேசவிடமாட்டார் என்றால், அந்தப் பெண் எந்தப் படியைக் காட்டுவாள்?

யார் யார் குழு?

இன்னொரு அடிப்படைக் கேள்வி உண்டு. குழு எப்படி என்று கேட்குமுன், குழு யார் என்று தெரியவேண்டும். ஒரே கூரையின் கீழ் வேலை செய்வதால் மட்டும் குழு ஆகிவிடாது.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஆமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தாருடைய காலிகோ மில்லில், புதிய தானியங்கித் தறிகள் போட்டார்கள். தறி புதிது. ஆனால் துணி எதிர்பார்த்தபடி வரவில்லை. 1953-ல் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்திலிருந்து ஏ.கே. ரைஸ் என்ற நிபுணர் வந்து பார்த்தார்.

ஒரு கூடத்தில் 224 தறிகள். 29 தொழிலாளர்கள். அவர்களுக்குள் 12 விதமான வேலைப் பெயர்கள்! யார் யாரோடு சேர்ந்தவர், எந்தத் தறிக்கு யார் பொறுப்பு என்பதே தெளிவாக இல்லை. கூட்டம் இருந்தது, குழு இல்லை.

சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் 64 தறிகள் என்று பொறுப்பு கொடுக்கலாம் என்று யோசனை வந்தது. யார் யார் சேருவது என்பதைத் தொழிலாளர்களே பேசி முடிவு செய்தார்கள். ஏழு பேர் கொண்ட குழு வேலையை ஏற்றுக்கொண்டது.

60 வேலை நாள் கழித்துப் பார்த்தார்கள். தறிகளின் திறன் நூற்றுக்கு 80-லிருந்து 95 ஆகியிருந்தது. பழுதுள்ள துணி 32-லிருந்து 20 ஆகக் குறைந்திருந்தது! பழைய முறையே நடந்த பக்கத்துத் தறிகளில் பழுது குறையவில்லை.

தறி அதே தறி. ஆளும் அதே ஆள். ஏற்பாடு மட்டும்தான் மாறியது.

ஆஸ்பத்திரியில் ஒரு அதிசயம்

இனிமேல் சொல்லப்போவதுதான் எல்லாவற்றையும்விட ருசிகரமானது.

1990-க்குப் பிந்தைய ஆண்டுகளில், அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஏமி எட்மண்ட்சன் என்ற பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கு மருந்து மாற்றிக் கொடுப்பது, அளவு தவறிக் கொடுப்பது போன்ற பிழைகளைப் பற்றிய ஆராய்ச்சி.

எட்டு நோயாளிப் பிரிவுகளை எடுத்துக்கொண்டார்கள். நர்சுகளிடம் கேள்வித்தாள் கொடுத்து, எந்தப் பிரிவில் ஒற்றுமை நன்றாக இருக்கிறது, எங்கே தலைமை நன்றாக இருக்கிறது என்று மார்க்கு எடுத்தார்கள். இன்னொரு பக்கம், எந்தப் பிரிவில் எத்தனை மருந்துப் பிழை நடந்தது என்று கணக்கு எடுத்தார்கள்.

ஒற்றுமையான பிரிவில் பிழை குறைவாகத்தானே இருக்கவேண்டும்?

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். திகைத்துப் போனார்கள். நல்ல மார்க்கு வாங்கிய பிரிவுகளில்தான் பிழை அதிகம்!

ஒற்றுமையாக இருந்தால் வேலை கெட்டுப்போகுமா? இது என்ன விபரீதம்?

எட்மண்ட்சன் அவசரப்படவில்லை. ஓர் உதவியாளரை அனுப்பி, ஒவ்வொரு பிரிவிலும் நடப்பதைக் கவனிக்கச் சொன்னார். எந்தப் பிரிவு எத்தனை மார்க்கு என்பதை அந்த உதவியாளரிடம் சொல்லவில்லை.

உண்மை வெளிவந்தது.

நல்ல பிரிவுகளில், தவறு நடந்தால் நர்சுகள் ஒளிக்கவில்லை. "இப்படி நடந்துவிட்டது" என்று உடனே சொன்னார்கள். எல்லோரும் சேர்ந்து, மறுபடியும் நடக்காமல் இருக்க வழி தேடினார்கள். மற்ற சில பிரிவுகளில், சொன்னால் திட்டு விழும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். பிழை நடந்தது. கணக்கில்தான் வரவில்லை!

ஆக, பிழையின் எண்ணிக்கை கூடியது போலத் தோன்றியதற்குக் காரணம், உண்மை பேசும் தைரியம்.

இந்த ஆராய்ச்சி 1996-ல் வெளியாயிற்று. 1999-ல் அவர் ஒரு கம்பெனியில் 51 குழுக்களை ஆராய்ந்தார். ஏழே ஏழு வாக்கியங்களைக் கொண்டு, குழுவில் பயமில்லாமல் பேச முடிகிறதா என்று அளந்தார். பயம் இல்லாத குழுக்களே வேலையைக் கற்றுத் தேறுகின்றன என்று கண்டார்.

2012-ல் கூகுள் கம்பெனியும் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. தன்னிடம் இருந்த சுமார் 180 குழுக்களை ஆராய்ந்தது. மேதாவிகளைப் பொறுக்கி எடுத்து ஒன்றாக உட்காரவைத்தால் சிறந்த குழு ஆகிவிடுமா? ஆகாது என்று தெரிந்தது. யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதே முக்கியமாக இருந்தது. அதிலும் முதல் இடம், பயமில்லாமல் பேசுவதற்கு!

இதை நம் மகளிர் குழுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "எங்கள் குழுவில் ஒரு சண்டையும் கிடையாது" என்று சொல்கிற குழு நல்ல குழுவாக இருக்கலாம். சண்டை போடவே பயப்படுகிற குழுவாகவும் இருக்கலாம்.

"போன மாசம் கணக்கில் நூறு ரூபாய் இடிச்சது, எல்லோரும் உட்கார்ந்து பேசிக் கண்டுபிடிச்சோம்" என்று சொல்கிற குழுவை நம்பலாம்.

சராசரி செய்யும் மோசடி

எண் வந்தால் கணக்குப் போடலாம் என்று பார்த்தோம். அந்தக் கணக்கும் ஏமாற்றும். எப்படி என்று பாருங்கள்.

ஒரு தையல் கூடத்தில் பத்துப் பெண்கள். "இங்கே கூலி நியாயமாகப் பங்கிடப்படுகிறது" என்ற வாக்கியத்துக்கு, பத்துப் பேரும் நடுப்படியான 3 போடுகிறார்கள். மொத்தம் 30. சராசரி 3.

இன்னொரு கூடத்திலும் பத்துப் பெண்கள். ஐந்து பேர் 5 போடுகிறார்கள். ஐந்து பேர் 1 போடுகிறார்கள். மொத்தம் 30. சராசரி அதே 3!

இரண்டு கூடமும் ஒன்றா? இல்லவே இல்லை. முதல் கூடத்தில் எல்லோருக்கும் அரை மனது. இரண்டாவது கூடத்தில் பாதிப் பேருக்குக் கொண்டாட்டம், பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல். சராசரியை மட்டும் பார்க்கிற முதலாளி, அந்த ஐந்து பேரின் வயிற்றெரிச்சலைப் பார்க்கவே மாட்டார்.

பதில் எழுதாதவர்களையும் எண்ணவேண்டும். இருபது பேரிடம் தாள் கொடுத்து எட்டுத் தாள்தான் திரும்பி வந்தது என்றால், அந்தப் பன்னிரண்டு பேரின் மௌனமும் ஒரு பதில்தான்.

பெயர் தெரியக்கூடாது

உண்மை வரவேண்டும் என்றால், யார் எழுதியது என்று தெரியக்கூடாது. பெயர் எழுதாமல் இருந்தால் மட்டும் போதாது. நாலு பேர் உள்ள குழுவில் கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். ஆகையால், மிகச் சிறிய குழுக்களின் பதிலைத் தனியாக வெளியிடாமல், பல குழுக்களோடு சேர்த்துக் காட்டுவது நிபுணர்களின் வழக்கம்.

தாளை யார் வாங்குகிறார்கள் என்பதும் முக்கியம். மேஸ்திரியைப் பற்றிய தாளை மேஸ்திரியே வாங்கினால், யார் உள்ளதை எழுதுவார்கள்?

"எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்கலாம்.

அதற்கும் நம் நாடு வழி காட்டியிருக்கிறது. 1951-52-ல் இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத்தான் எழுத்தறிவு இருந்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி வைத்து, பெட்டியின்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். மறைவாகப் போய், பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வந்தார்கள். ரகசியமும் காப்பாற்றப்பட்டது, ஓட்டும் விழுந்தது.

அதே முறையை ஒரு சின்னக் குழுவும் செய்யலாம். வாக்கியத்தை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். திரைக்குப் பின்னால் மூன்று டப்பா. ஒன்றில் சிரித்த முகம், ஒன்றில் சும்மா இருக்கும் முகம், ஒன்றில் வாடிய முகம். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் போட்டுவிட்டு வரலாம். எண்ணினால் கணக்கு வந்துவிடும்!

பதில் திரும்பி வரவேண்டும்

கேட்டாயிற்று. பயமில்லாமல் சொல்லவும் சொன்னார்கள். அப்புறம்?

பெரும்பாலான இடங்களில் கதை இங்கேதான் முடிந்துவிடுகிறது. தாள்களைக் கட்டி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் கேள்வித்தாள் வரும். "போன வருஷம் சொன்னதுக்கே ஒண்ணும் நடக்கலை" என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 'நன்று' போட்டுவிடுவார்கள்.

1948-ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் எடிசன் என்ற மின்சாரக் கம்பெனியில் ஊழியர்களிடம் கருத்துக் கேட்டார்கள். நடத்தியவர்கள் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள். லைக்கர்ட் 1946-ல் அங்கே அமைத்த கருத்தாய்வு நிலையத்தைச் சேர்ந்த ஃபிளாயிட் மான் என்பவர் ஒரு சோதனை செய்தார்.

கணக்குப் பிரிவுகளில் சிலவற்றில், வந்த பதில்களை அந்தந்தக் குழுவிடமே திருப்பிக் கொடுத்தார்கள். "நீங்கள் சொன்னது இது. என்ன செய்யலாம் என்று நீங்களே பேசுங்கள்" என்றார்கள். மேலதிகாரியும் ஊழியர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள். மற்றச் சில பிரிவுகளில் அப்படிப் பேசவில்லை.

பிறகு மறுபடியும் கருத்துக் கேட்டார்கள். பதிலைத் திரும்பப் பெற்றுப் பேசிய பிரிவுகளில்தான் நல்ல மாற்றம் தெரிந்தது!

கேள்வித்தாள் நோயைக் காட்டும் கண்ணாடிதான். மருந்து, அதன்பின் நடக்கும் பேச்சு.

நீங்களும் செய்து பார்க்கலாம்

மாரண்டஹள்ளியில் ஒரு மகளிர் குழு என்றாலும் சரி, மண்டியில் தக்காளி தரம் பிரிக்கும் கூட்டம் என்றாலும் சரி, பத்துப் பேர் வேலை செய்யும் அச்சகம் என்றாலும் சரி, கீழே உள்ள ஏழு வாக்கியங்களைச் சொல்லிப் பார்க்கலாம்.

1. என் மனதில் பட்டதைக் கூட்டத்தில் பயமில்லாமல் சொல்ல முடிகிறது.

2. நான் தவறு செய்தால், அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருக்கமாட்டார்கள்.

3. வேலை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது.

4. பணம் வந்ததும் போனதும் எனக்குத் தெரிகிறது.

5. எனக்குத் தெரியாததைக் கேட்டால் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

6. முடிவு எடுக்குமுன் என்னையும் கேட்கிறார்கள்.

7. போன தடவை நாங்கள் சொன்ன குறை தீர்ந்தது.

கேட்கிற நாளையும் பார்த்துக் கேட்கவேண்டும். கூலி பட்டுவாடா நாளில் கேட்டால் எல்லோருக்கும் சிரித்த முகம். தக்காளி விலை விழுந்த நாளில் கேட்டால் எல்லோருக்கும் வாடிய முகம். சாதாரண நாளில் கேட்டால்தான் சரியாக வரும். ஒரு தடவை கேட்டால் போதாது. ஆறு மாதம் கழித்து இதே ஏழையும் மறுபடியும் கேட்டு, கூடியதா குறைந்ததா என்று பார்க்கவேண்டும்.

மார்க்கு குறைவாக வந்தால், "யார் வாடிய முகத்தில் போட்டது?" என்று தேடக்கூடாது. தேடினால் அந்தக் குழுவில் அடுத்த தடவை எல்லாப் புளியங்கொட்டையும் சிரித்த முக டப்பாவில்தான் விழும். "என்ன குறை, எப்படித் தீர்ப்பது?" என்று மட்டும் பேசவேண்டும்.

ஏழு வாக்கியத்திலும் கடைசி வாக்கியம் குழுவுக்கு மட்டும் போடுகிற மார்க்கு அல்ல. கேட்டவருக்கும் சேர்த்துப் போடுகிற மார்க்கு! தலைவியோ, மேஸ்திரியோ, மானேஜரோ, வங்கி அதிகாரியோ, யார் கேட்டிருந்தாலும் அந்த டப்பாவைத்தான் முதலில் திறந்து பார்க்கவேண்டும்.

அதில் சிரித்த முகம் நிறைந்திருந்தால், மற்ற ஆறையும் நம்பலாம்.